பெரட்டுக் களத்தில் ஒரு பேய்ப் படம்

வானொலியில் வேலை செய்வதால் ஊடகத்துறை மாணவர்கள் பலரோடு பேச வாய்ப்புக் கிடைக்கிறது. "படிப்பு முடிஞ்சதும் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான். ஒன்று "டைரக்டர்", இல்லாவிட்டால் "நடிப்பு". அடுத்ததாக, "கடைசியா பார்த்த படத்துக்கு ஒலிப்பதிவு யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிரிப்பு வரும். பதில் வராது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறத் தொடங்கும் நேரத்தில் நாம் எல்லாரும் காடிச் சாவியைத் தேடிக்கொண்டிருப்போம். போதாக்குறைக்கு, பிள்ளை சினிமா படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வியே, "நீ என்ன பெரிய மணிரத்னமா?" என்பதுதான்.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இருந்தால் கல்யாணம் நடந்துவிடுமா? மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர், எந்த மேசைக்கு இன்னும் ரசம் போகவில்லை என்று பார்ப்பவர், ஐயர் வாய் திறப்பதற்கு முன்பே தேங்காயை எடுத்து நீட்டும் அத்தை, தாலி இருக்கும் பையை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருக்கும் சித்தி என்று எத்தனை பேர்! யாராவது ஒருவர் அசந்தால் முகூர்த்தம் தவறிவிடும். படப்பிடிப்பும் அப்படித்தான். அதை நான் வகுப்பறையில் படித்ததைவிட, 2011இல் நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றில் எட்டு மாணவர்கள் சேர்ந்து எடுத்த ஒரு பேய்ப் படத்தில்தான் படித்தேன்.

ஆளுக்கு ஒரு வேலை

இறுதி ஆண்டுப் பணி அது. பன்னிரண்டு நிமிடத்துக்கு மிகாத ஒரு குறும்படம். விரிவுரையாளர் ஒரு விதி போட்டார்: ஒருவருக்கு ஒரு பொறுப்புதான், அடுத்தவர் வேலையில் தலையிடக் கூடாது, படம் முடிந்ததும் அவரவர் பொறுப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுத வேண்டும். இயக்குநர், தயாரிப்பாளர், உதவி இயக்குநர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், ஒப்பனையும் உடையும், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர் என எட்டுப் பொறுப்புகள். சீட்டுக் குலுக்கினோம். எனக்கு வந்தது ஒலிப்பதிவு.

ஆளுக்கு 120 ரிங்கிட் போட்டோம். மொத்தம் 960. கேமரா கேனன் 550டி. அந்தக் காலத்தில் புகைப்படக் கேமராவிலேயே படம் எடுக்கலாம் என்ற வசதி புதிது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அதில் ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பதிவு செய்ய முடியாது. ஒலியும் சுமாராகத்தான் பதியும். அதனால் ஒலியைத் தனியாக ஒரு ஸூம் எச்4என் கருவியில் பதிந்து பிறகு படத்தோடு சேர்க்க வேண்டும். படப்பிடிப்பில் "கிளாப்" பலகையை டப்பென்று தட்டுகிறார்களே, அது அழகுக்கு அல்ல. பலகை மூடும் படமும் அந்த டப் என்ற சத்தமும் பொருந்தும் புள்ளியில்தான் எடிட்டர் படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டுவார்.

பேய்ப் படம் என்று முடிவானதும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் கலை இயக்குநரின் பாட்டி, ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் லயன் வீட்டில் இருந்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்பது கீழே புரியும். ரப்பர் முக்கால்வாசி போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆயாக்கொட்டகைக்குக் கூரை இல்லை. மாரியம்மன் கோவில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. பேய்க்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்று இயக்குநருக்கு ஒரே குஷி.

கிணற்றடிப் பெண்

திரைக்கதையும் அங்கேயே கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் கான்கிரீட் பலகை போட்டு மூடிய ஒரு பழைய கிணறு. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் அதில் இறந்து போனாள். விழுந்தாளா, குதித்தாளா என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை இரவுகளில் அவள் கொலுசுச் சத்தம் கேட்கும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் கதை கதையாகச் சொன்னார்கள். இயக்குநர் ஒரே வாரத்தில் எழுதி முடித்தார். தலைவிரி கோலம், வெள்ளைச் சேலை, கொலுசு. எங்கள் ஒப்பனைத் தோழி ரோஸ் சிரப்பில் சோளமாவும் காப்பித் தூளும் கலந்து அருமையான ரத்தம் காய்ச்சினாள். விடுதியில் ஒத்திகை பார்த்தபோது நடிகையின் தலைமுடி முழுக்க எறும்பு ஏறிவிட்டது வேறு கதை.

இங்கேதான் தயாரிப்பாளர் என்ற பொறுப்பு என்ன என்று எனக்குப் புரிந்தது. தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். எங்கள் தயாரிப்பாளர் ஈப்போவிலிருந்து வந்த, அதிகம் பேசாத ஒரு பெண். தோட்ட அலுவலகத்தில் அனுமதிக் கடிதம், காவல் நிலையத்துக்குத் தகவல், கோவில் தலைவரிடம் ஒரு வார்த்தை என்று எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். அந்த நோட்டில் கடைசியாக ஒரு வரி இருந்தது: "கிணறு: குடும்பம்?"

இறந்த பெண்ணின் தாயார் அதே லயத்தில், மூன்றாவது வரிசையில், இன்னும் இருந்தார்.

தயாரிப்பாளர் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "அந்த அம்மா வாசல்ல உக்காந்து பார்க்கிற தூரத்துலதான் நாம லைட் கட்டப் போறோம். அவங்க மகளைப் பேயாக்கி, அவங்க வீட்டுக் கரண்டையே எடுத்துப் படம் பிடிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்." இயக்குநர் வாதாடினார். பெயரை மாற்றிவிடலாம், கிணற்றை வேறு கோணத்தில் காட்டலாம், யாருக்குத் தெரியும் என்றார். "தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அவள். படப்பிடிப்புக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அந்த இரவு குழு உடைந்துவிடும் என்றே நினைத்தேன். ஆனால் விதி தெளிவாக இருந்தது. கதை இயக்குநருடையது, கதவைத் திறப்பது தயாரிப்பாளர். அவள் திறக்கவில்லை.

இன்று எத்தனையோ நிகழ்ச்சிக் கூட்டங்களில் உட்காருகிறேன். "இதைச் செய்யலாமா" என்று கேட்க ஆள் இருக்கிறார். "இதை யார் உட்கார்ந்து பார்ப்பார்" என்று கேட்க ஆள் இருப்பது அரிது. அந்த ஒருவர் இல்லாத குழுவில் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

தாத்தாவின் செக்ரோல்

புதுக் கதை தேடித் தோட்டத்துக்குப் போனோம். பாட்டி வீட்டு வாசலில் மைலோ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். ஓய்வுபெற்ற மண்டோர். அப்போது எழுபத்தைந்து வயது இருக்கும். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிடும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரட்டு என்றால் பொழுது விடியுமுன் தொழிலாளர்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் வாசித்து, யாருக்கு எந்த நிரை என்று பிரித்து அனுப்புவது. காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால்தான் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். தோட்டத்து இருட்டு அவர்களுக்குப் பேய் உலவும் நேரம் அல்ல. அது வேலை நேரம்.

"பேய்ப் படமா எடுக்குறீங்க?" என்றார் தாத்தா. "கெணத்துல போன பொண்ணத்தான் எல்லாரும் பேய்ங்குறாங்க. எங்கப்பன ஜப்பான்காரன் சயாமுக்குக் கூட்டிட்டுப் போனான். எனக்கு ஆறு வயசு. திரும்பி வரல. அவர யாரும் பேய்னு சொன்னதில்ல. திதி குடுக்கலாம்னா நாள் தெரியல."

யாரும் எதுவும் பேசவில்லை.

சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி நாம் பள்ளியில் ஒரு பத்திதான் படித்திருப்போம். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் கட்டி முடித்தார்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இன்றும் பராமரிக்கப்படுகின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்களில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அன்று வேனில் திரும்பும்போது புதுக் கதை உருவானது. தோட்டத்தை வீடமைப்புக்கு அளக்க வரும் ஓர் இளைஞன், பூட்டிக் கிடக்கும் லயத்தில் இரவு தங்குகிறான். விடியற்காலை நாலரை மணிக்கு யாரோ பெயர் வாசிக்கும் குரல் கேட்கிறது. களத்துக்கு ஓடுகிறான். யாரும் இல்லை. மரங்களுக்கு இடையே தலைவிளக்குகள் மட்டும் நகர்கின்றன. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது குரல். யாரும் பதில் சொல்வதில்லை. கடைசியில் அவனுடைய தாத்தாவின் பெயர் வருகிறது. அவ்வளவுதான் கதை.

ரத்தம் இல்லை, வெள்ளைச் சேலை இல்லை. பயமெல்லாம் காதுக்குள். சீட்டுக் குலுக்கலில் யாரும் விரும்பாத பொறுப்பு படத்தின் முதுகெலும்பாகிவிட்டது.

அந்தப் பெயர்களுக்காகத் தயாரிப்பாளர் மீண்டும் நீல நோட்டை எடுத்தாள். தாத்தா காகிதம் பார்க்காமலே பழைய செக்ரோல் வரிசையில் சொன்ன 23 பெயர்களை எழுதிக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனாள். உங்கள் அப்பா பெயரைப் படத்தில் கூப்பிடலாமா, உங்கள் பெயரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். மூன்றாவது வரிசைக்கும் போனாள், என்ன எடுக்கிறோம் என்று சொல்வதற்காக. அந்த அம்மா கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "அவளும் பெரட்டுக்குப் போனவதான். மூணு வருசம் மரம் வெட்டுனா. அவ பேரும் அந்த வரிசையில இருந்துச்சு. அதையும் கூப்பிடுவீங்களா?" என்றாராம்.

பெயர்கள் 24 ஆயின.

இரண்டு இரவும் ஒரு விடியலும்

வெள்ளி இரவு, சனி இரவு, ஞாயிறு விடியல். இதுதான் எங்களுக்கு இருந்த நேரம்.

உதவி இயக்குநர் என்றால் இயக்குநருக்குத் தண்ணீர் போத்தல் தூக்குகிறவர் என்று நினைக்காதீர்கள். களத்தில் கடிகாரம் அவர் கையில். எந்தக் காட்சி எத்தனை மணிக்கு, யார் எப்போது வர வேண்டும், எந்த விளக்கு எங்கே என்று ஒரே தாளில் எழுதி முதல்நாளே எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். அதற்குப் பெயர் கால்ஷீட். நம் ஊரில் பொழுது விடிவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆறே முக்காலுக்கு மேல் இருட்டு என்று பொய் சொல்ல முடியாது. ஞாயிறன்று ஆறு நாற்பதுக்கு இயக்குநர் "இன்னும் ஒரே ஒரு டேக்" என்றபோது, "சூரியன்கிட்ட கேளுங்க, எனக்குச் சம்மதம்" என்றார் எங்கள் உதவி இயக்குநர். அந்த ஒரு டேக் கிடைக்கவில்லை.

ஒளிப்பதிவாளர் ஓர் உண்மையைச் சொல்லிக்கொடுத்தார்: இருட்டைக் காட்ட வெளிச்சம் வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் இருட்டைக் கேமரா அப்படியே எடுத்தால் திரையில் கறுப்பும் புள்ளிப் புள்ளி இரைச்சலும்தான் மிஞ்சும். அதனால் ஓர் ஏணியின் உச்சியில் நீலத்தாள் ஒட்டிய விளக்கைக் கட்டி, மரங்களுக்குப் பின்னாலிருந்து நிலவு போல விழ வைத்தார். ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியப் புகை வேண்டும். புகை எந்திரத்துக்குக் காசு இல்லை. பாட்டி வீட்டிலிருந்து சாம்பிராணிச் சட்டி வந்தது. "பேய விரட்டத்தான் சாம்பிராணி போடுவாங்க. நீங்க என்னடா வரவழைக்கப் போடுறீங்க?" என்று பாட்டி சிரித்த சிரிப்பு என் பதிவில் இருக்கிறது.

கலை இயக்குநர் பால் கத்தி, மங்கு, காண்டா வாளி எல்லாம் லயத்திலிருந்தே சேகரித்தார். கடையில் வாங்கியிருந்தால் அந்த நிறம் வந்திருக்காது. ரத்தம் காய்ச்சிய ஒப்பனைத் தோழிக்குப் பேயே இல்லாமல் போனது. அவள் சோர்ந்து உட்காரவில்லை. பழைய சட்டைகளை வாங்கி, பால்கறை காய்ந்து கறுத்த தடம் எங்கெங்கே இருக்கும், தலைத்துணியின் முடிச்சு எந்தப் பக்கம் விழும் என்று வயதான பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். தூரத்தில் நிழலாக நிற்கும் நான்கு உருவங்களுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று யாரோ கேட்டார்கள். "தோட்டத்து ஆளுங்கதானே முதல்ல படம் பார்க்கப் போறாங்க" என்றாள்.

எடிட்டருக்குக் களத்தில் வேலை இல்லை என்பதால், காட்சித் தொடர்ச்சியைப் பார்க்கும் பொறுப்பை அவருக்கே விரிவுரையாளர் சேர்த்துக் கொடுத்திருந்தார். முடிச்சு இடப்பக்கமா, மங்கில் பால் எவ்வளவு, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று ஒவ்வொரு காட்சிக்கும் குறிப்பு. பத்து மணிக்கு எடுத்ததும் இரண்டு மணிக்கு எடுத்ததும் திரையில் அடுத்தடுத்த நொடிகளாக வரும். குறிப்பு இல்லாவிட்டால் மங்கில் பால் தானாக ஏறி இறங்கும். அதுதான் உண்மையான பேய்.

என் வேலைக்கு வருகிறேன். ஒலிப்பதிவாளர் முதலில் செய்வது பதிவு அல்ல, கேட்பது. காதில் கருவியை மாட்டியதும்தான் அமைதி என்று நினைத்த தோட்டத்தில் எத்தனை சத்தம் என்று தெரிந்தது. பல்லி, தவளை, தூரத்து நெடுஞ்சாலை லோரி, பாட்டி வீட்டுக் குளிர்பதனப் பெட்டி. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடுவதால் ஒலி மேலே சிதறாமல் தரைப்பக்கமாக வளைந்து வெகுதூரம் போகும். பகலில் கேட்காத லோரி இரவில் கேட்பது அதனால்தான். ஜெனரேட்டர் வைத்தால் என் பதிவு பாழ். அதனால் பாட்டி வீட்டிலிருந்தே கம்பி இழுத்து, கரண்டு பில்லுக்குப் பணம் கொடுத்தோம். குளிர்பதனப் பெட்டியை நிறுத்திவிட்டு, வேன் சாவியை அதற்குள்ளேயே வைத்தேன். ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம் இது. திரும்பப் போட மறந்தால் வேன் கிளம்பாது. பாட்டியின் மீன் கெடாது.

மண்டோர் தாத்தாவின் குரலை ஒலிக்கூடத்தில் பதியலாம் என்ற பேச்சு வந்தது. பழைய ஸ்டோரின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி எந்த ஒலிக்கூடத்திலும் கிடைக்காது என்பதால் களத்திலேயே பதிய வேண்டும் என்று கேட்டேன். ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்குத் தாத்தா கால்சட்டை, தொப்பியோடு வந்து நின்றார். யாரும் அப்படி வரச் சொல்லவில்லை. ஒரே டேக். 24 பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு, பதிலுக்கு ஆள் குரல் கொடுக்கும் அளவுக்கு நேரம் விட்டார். அந்த இடைவெளியை இயக்குநர் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவர் உடம்பில் இருந்தது.

அவர் முடித்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறுமனே பதிந்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் தனி அமைதி உண்டு. எடிட்டர் வெட்டும் இடங்களில் ஒட்டுப் போட அந்த அமைதி தேவைப்படும்.

வெட்டும் கை

நான்கு மணி நேரப் பதிவு எடிட்டரிடம் போனது. வந்தது ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. இயக்குநர் உயிராக நினைத்த ஏணி நிலவுக் காட்சி ஒன்று அதில் இல்லை. "அழகா இருக்கு. ஆனா பயம் அங்க நின்னுடுது" என்றார் எடிட்டர்.

பேய்ப் படங்களில் எடிட்டரின் கைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற ஹாலிவுட் படம். சிறு முதலீடு. மிருகத்தைக் காட்டக் காசு இல்லை. இரவில் தனியே நடக்கும் பெண்ணைக் காலடிச் சத்தம் பின்தொடர்கிறது, பிறகு அதுவும் நிற்கிறது. பாயப் போகிறது என்று நாம் இருக்கையைப் பிடிக்கும்போது, சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து! தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர், எடிட்டர் மார்க் ராப்சன். அந்த வகைத் திடுக்கிடலுக்கே பிறகு 'பஸ்' என்று பெயர் வந்துவிட்டது. அது யாருடைய காட்சி என்று கேட்டால், மூவரில் ஒருவரை மட்டும் எப்படிச் சொல்வது?

நம் பக்கமும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2012இல் வந்த 'பீட்சா' படத்தின் கார்த்திக் சுப்புராஜ், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்பட நிகழ்ச்சியிலிருந்து வந்தவர் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டின் இருட்டுக்கு கோபி அமர்நாத்தின் கேமராவும், லியோ ஜான் பாலின் வெட்டும், சந்தோஷ் நாராயணனின் இசையும் காரணம் என்று எத்தனை பேர் சொல்வோம்?

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். மலாய்ப் பேய்ப் படங்களுக்கு வழி திறந்த 'பொந்தியானாக்' 1957இல் வந்தது. மரியா மெனாடோ பேயாக நடித்த அந்தப் படத்தை இயக்கியவர் பி. என். ராவ். அதற்கு முன் 1945இல் தமிழில் 'சாலிவாகனன்' எடுத்த அதே ராவ்தான். தொடர்ந்து அவரே இன்னும் இரண்டு பொந்தியானாக் படங்களையும் எடுத்தார். மூன்றில் முதல் இரண்டின் பிரதிகள் இன்று இல்லை. மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. படம் போய்விட்டால் இயக்குநர், நடிகை பெயராவது ஏட்டில் நிற்கும். விளக்குப் பிடித்தவர், ஒலி பதிந்தவர் பெயர்களை யார் நினைவில் வைப்பது?

தோட்டத்து வாழ்வும் திரைக்கு வந்திருக்கிறது. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இல் 1960களின் ரப்பர் தோட்டத்தைக் காட்டியது. தோட்டத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைச் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் சொன்னது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகவும் தேர்வானது. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளோடு பாருங்கள். இந்த முறை கடைசிப் பெயர் வரை உட்காருங்கள்.

கோவில் திடலில்

படம் முடிந்ததும் தோட்டத்திலேயே முதலில் காட்ட வேண்டும் என்றாள் தயாரிப்பாளர். அதுவும் அந்த நோட்டில் இருந்தது. இரவல் புரொஜெக்டர், கோவில் திடலில் கட்டிய வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள். அறுபது பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசை அம்மாவும் ஒரு பேத்தியோடு வந்திருந்தார்.

இருட்டில் தலைவிளக்குகள் நகரும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு தாத்தாவின் குரல் கேட்டது. முதல் பெயர். அமைதி. இரண்டாவது பெயர். திடலின் பின்பக்கத்திலிருந்து ஒரு கிழவர், "இருக்கேங்கையா!" என்றார். ஒரே சிரிப்பு. அடுத்த பெயருக்கு ஒரு பாட்டி குரல் கொடுத்தார். இறந்தவர்களின் பெயர் வந்தபோது அவர்கள் பிள்ளைகள் சொன்னார்கள். எங்கள் பேய்ப் படத்தின் பயமெல்லாம் போய் அது உண்மையான பெரட்டாகவே ஆகிவிட்டது. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார், சிரித்தபடி.

பதினேழாவது பெயர் அந்தப் பெண்ணுடையது. திடல் சட்டென்று அடங்கியது. தாத்தா விட்ட அந்த இடைவெளியில் அவள் அம்மா, சத்தமே இல்லாமல், "இருக்கா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

எட்டுப் பேரில் இன்று முழுநேரத் திரைப்பட இயக்குநர் யாரும் இல்லை. அன்றைய இயக்குநர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தயாரிப்பாளர் பெரிய நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் வேலையில் இருக்கிறாள். நீல நோட்டு இப்போது டேப்லெட் ஆகிவிட்டது. உதவி இயக்குநர் விமான நிலையத்தில் கால அட்டவணைகளோடு போராடுகிறார். ஒளிப்பதிவாளர் கல்யாணப் படங்களும் ஆவணப்படங்களும் எடுக்கிறார். கலை இயக்குநர் தொலைக்காட்சி நாடகங்களுக்கு அரங்கம் அமைக்கிறார். ஒப்பனைத் தோழி மணப்பெண் அலங்காரத்தில் பெயர் வாங்கிவிட்டாள். எடிட்டர் செய்திப் பிரிவில் இருக்கிறார். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்துவிட்டேன். யாருடைய படிப்பும் வீணாகவில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போய்விட்டன. மண்டோர் தாத்தாவும் காலமாகிவிட்டார். களம் இருந்த இடத்தில் தார்ச்சாலை ஓடுகிறது. அவர் குரலும் அதற்குப் பிறகான அந்த ஒரு நிமிட அமைதியும் என்னிடம் இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டுமே. அதுவும் ஒலிப்பதிவாளரின் பொறுப்புதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை, "நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்கிறேன்" என்று சொன்னால், "இதெல்லாம் சோறு போடுமா?" என்று தொடங்காதீர்கள். "அதில் உனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். பூம் மைக் பிடிக்கிறேன், குறிப்பு எழுதுகிறேன், சாப்பாட்டுக்குப் பொறுப்பு என்று பதில் வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு நாசி லெமாக் பொட்டலம் சரியாக வந்து சேரவில்லை என்றால் எந்தப் பேயும் எழுந்து நடக்காது.